ஆவர்பெக் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை

இடி மழைக்கு முன்னால் வருகிற பொடிப் பூச்சிகள் விடிந்ததிலிருந்தே தெக்லாவின் கழுத்திலும் கையிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டினால் போகவில்லை. துடைத்தால் கறுப்பாக இழுபட்டன.

ஓடைப் புல்வெளியில் அறுத்துப் போட்ட புல் காய்ந்து கிடந்தது. மழைக்கு முன்னால் அதை வண்டியேற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆனால் சமையலறையில் ஒருவரும் புல்லைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. எவால்ட் எக்ஸ்னர் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, அன்டோன் ஆவர்பெக்கிடம் அவர் மகள் தெக்லாவைப் பெண் கேட்டான். தூரத்திலிருந்து வரவில்லை, மாடியிலிருந்துதான் இறங்கி வந்தான். போர் முடிந்த மறு வருஷம், கிழக்கே, எல்லை மாறிப் பறிபோன சிலேசியாவிலிருந்து விரட்டப்பட்டவர்களை ஊர்ப் பண்ணைகளுக்குப் பங்கு வைத்தபோது, எவால்டும் அவன் அம்மாவும் இந்த வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு.

"கட்டிக்கோ," என்றார் அன்டோன். உருளைக்கிழங்கை மென்று விழுங்கிவிட்டு, "ஆனா ஆவர்பெக்கா ஆகிக் கட்டிக்கோ," என்றார்.

எவால்டின் அம்மா கரண்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இன்று வியாழன். பதிவாளர் அலுவலகம் மதியம் வரை திறந்திருக்கும். இன்று எழுதிக் கொடுத்தால்தான் அறுவடைக்கு முன்னால் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் பண்ணையை வைத்துத்தான் ஆளுக்குப் பெயர். ஆண் வாரிசு இல்லாத பண்ணைக்கு மாப்பிள்ளையாக வருகிறவன் தன் பெயரை வாசலில் விட்டுவிட்டு வருவான். சட்டமோ, பெண்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. அதனால் மாப்பிள்ளை மேலிடத்துக்கு மனுப் போட்டுப் பண்ணையின் பெயரை வாங்கிக்கொள்வான். அதை யாரும் அவமானமாக நினைத்ததில்லை. நினைத்தவர்கள் வெளியே சொன்னதில்லை.

அன்டோன் பார்லி காபியை ஊதினார். "எவால்ட், பால் வண்டியை முடிச்சுட்டு அப்படியே பதிவாளரைப் பார்த்துட்டு வந்துடு. மனுவையும் கையோட குடுத்துடு."

எவால்ட் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அடுப்பின் முன் நின்றிருந்த அவன் அம்மா திரும்பினாள். ஸெல்மா என்று அவளுக்குப் பெயர். ஊரில் எல்லோருக்கும் எக்ஸ்னரம்மா.

"அவன் குடுக்கமாட்டான்."

"அதை அவன் சொல்லட்டும்."

"அவன்தான் நாலு நாளா வாயையே திறக்கமாட்டேங்கறானே! நான் சொல்றேன். வீடு போச்சு, நிலம் போச்சு, என் வீட்டுக்காரரை வர்ற வழியில எந்தக் குழியில போட்டோம்னு திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. ரெண்டு மூட்டையும் இந்தப் பேரும்தான் கொண்டுவந்தோம். மூட்டையை வழியில பிடுங்கிட்டானுங்க. பேரை நீங்க பிடுங்குறீங்க."

"பிடுங்கலம்மா, குடுக்கறேன். ஆவர்பெக்னா ஓடைக்கு அந்தாண்ட இருக்கறவன். ஓடை அங்கேயேதான் இருக்கு, வீடும் இங்கேயேதான் இருக்கு. அப்படிப்பட்ட பேரு இது. எக்ஸ்னர்னா என்ன? எருது மேய்க்கறவன்!"

"ஆமா, எருது மேய்ச்சவங்கதான். பிரபுவோட எருதுங்க, கொம்புக்குப் பித்தளை பூண் போட்ட எருதுங்க. நீங்க பொறந்தப்போ உங்க பேரு என்ன? கோட்டர்! குடிசைக்காரன்! ஊர்ல எனக்கு யாரும் சொல்லமாட்டாங்கன்னு நினைச்சீங்களா?"

தெக்லாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஆனால் அன்டோன் கோபப்படவில்லை. "குடிசைக்காரன்தான். கோட்டர் வீட்டு மூணாவது மகன், ஒட்டுத் துணி போட்ட கால்சட்டையோட இந்த வீட்டுப் பொண்ணைக் கட்ட வந்தேன். போய் அந்தப் பெரிய கதவு மேல உத்தரத்தைப் பாருங்க. வீட்டைக் கட்டினவன் பேரைச் செதுக்கியிருக்கு. யோஹான் ஆவர்பெக், பொறந்தது லோமான் வீட்ல. அவனும் வந்தவன்தான். என் மாமனாரோட அப்பா வெஸெல்ஸ் வீட்டுப் பையன். அந்தக் காலத்துல ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பிங்க ஆளுக்கொரு பண்ணைக்கு மாப்பிள்ளையாப் போய், ஆளுக்கொரு பேரோட செத்திருக்காங்க. நடுவுல பிரெஞ்சுக்காரன் இங்க ஆள வந்து, ஒருத்தனுக்கு ஒரே பேருதான், மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டான். அவன் ஊருக்குப் போயிட்டான். நாங்க மாத்திக்கிட்டேதான் இருக்கோம்."

"நீங்க மாத்தினப்போ உங்கம்மா என்ன சொன்னாங்க?"

அன்டோன் கோப்பையைக் கீழே வைத்தார்.

எவால்ட் எழுந்தான். "வெயில் ஏறினா பால் திரிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

தெக்லா பின்னாலேயே ஓடினாள். ஊர்ப் பாலைச் சேர்த்துக் கொண்டுபோகிற அந்த வண்டியில் ஒவ்வொரு பண்ணையின் கேனும் அதனதன் பெயரோடு நின்றிருந்தது. எவால்ட் இந்த வீட்டு ஆவர்பெக் கேனைத் தூக்கி வைத்தான்.

"என்ன செய்யப் போற?"

"தெரியல."

"எக்ஸ்னர்னா எக்ஸ்னர், ஆவர்பெக்னா ஆவர்பெக். எனக்கு ரெண்டும் சம்மதம். ஆனா நீ ஒண்ணைச் சொல்லணும். பொம்மை மாதிரி நிக்கறியே, அதுதான் எனக்குத் தாங்கல."

"விடு தெக்லா."

"ஏதோ மறைக்கற."

அவன் கடிவாளத்தை உதறினான். கேன்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட, வண்டி கல்பாவிய முற்றத்தைத் தாண்டிப் போய்விட்டது.

*

மேற்கே வானம் ஈயம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் புல்லை வரிவரியாக வாரிக் குவித்தார்கள். தெக்லா வாரியதை அன்டோன் கவைக்கோலால் குத்தி வண்டிக்குத் தூக்கினார். அவர் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்தார். பேச்சைத் தவிர்க்க அவருக்குத் தெரிந்த வழி அது.

"அப்பா, என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்கிட்ட என்ன கேட்கறது? நீ ஆவர்பெக்தானே."

"இல்லப்பா. கல்யாணம் ஆன அன்னிக்கு எது அவன் பேரோ அதுதான் என் பேரு. இத்தனை சண்டையிலயும் பேர் மாறப்போற ஒரே ஆளு சட்டப்படி நான்தான். அதை யாரும் பேசல."

அன்டோன் கவைக்கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தேவாலயத்துல, போர்ல செத்தவங்க கல்லுல ரெண்டு ஆவர்பெக் இருக்கு," என்றார். "ஹெய்னர், கிளெமென்ஸ். நவம்பர்ல பாதிரியார் அந்தப் பேருங்களைப் படிக்கறப்போ எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க. நான் போனப்புறம் யாரைத் திரும்பிப் பார்ப்பாங்க? படிக்கற பேருக்கு ஊர்ல ஒரு ஆளாவது உட்கார்ந்திருக்க வேணாமா?"

அண்ணன்களின் பெயரை அவர் சேர்த்துச் சொல்லித் தெக்லா கேட்டது அபூர்வம். அவள் குனிந்து வாரத் தொடங்கினாள். வியர்வையில் பூச்சிகள் ஒட்டின. அரித்தது. எங்கேயாவது ஓடவேண்டும் போலிருந்தது.

நிமிர்ந்தபோது, ஓடைப் பாலத்தின் மேல் எக்ஸ்னரம்மா போவது தெரிந்தது. கறுப்புக் கோட்டு. இந்தப் புழுக்கத்தில் கோட்டு! கையில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டி.

"அப்பா, எக்ஸ்னரம்மா பெட்டியோட போறாங்க!"

அன்டோன் பார்த்தார். பிறகு குனிந்து இன்னொரு குவியலைக் குத்தித் தூக்கினார். "மழை வருது. வேலையைப் பாரு."

தெக்லா வாரியைக் கீழே எறிந்துவிட்டு ஓடினாள்.

*

நிழலுக்கு லிண்டன் மரங்கள் இரண்டு, நடுவில் சிலுவை, அதன் அடியில் ஒரு பெஞ்சு. மியூன்ஸ்டர் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். எக்ஸ்னரம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போறீங்க?" தெக்லாவுக்கு மூச்சு வாங்கியது.

"மியூன்ஸ்டர் போய், அங்கேருந்து பீலெஃபெல்டுக்கு. அக்கா மக இருக்கா. அங்க தையல் வேலை கிடைக்கும்."

"அப்போ கல்யாணம்?"

"நீங்க பண்ணிக்கோங்க. நல்லா பண்ணிக்கோங்க. கசகசா கேக் எப்படிப் பண்றதுன்னுதான் உனக்குத் தெரியுமே, சர்க்கரையை மட்டும் அள்ளிக் கொட்டாதே."

"எக்ஸ்னரம்மா!"

"கோவிச்சுக்கிட்டுப் போகலடி. உங்கப்பன் கெட்ட மனுஷன் இல்ல. நாங்க வந்தப்போ ஊர்ல பாதிப் பேரு எங்களுக்குக் கிணத்துத் தண்ணி குடுக்க யோசிச்சாங்க. அந்த மனுஷன் ரேடியோவைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்துல வெச்சார். காணாமப்போனவங்க பேரை வாசிக்கற நேரத்துல வீட்ல யாரையும் இருமக்கூட விடமாட்டார்." அவள் பெட்டியின் கயிற்றை இழுத்து இறுக்கினாள். "நான் பேரைத் தூக்கிட்டுப் போறேன். அவ்வளவுதான். எங்கேயாவது ஒரு கதவுல எக்ஸ்னர்னு எழுதியிருக்கணும்."

"லோத்தாருக்காகவா?"

எவால்டின் அண்ணன் லோத்தார், போருக்குப் போய்த் திரும்பாதவன். அவனைத் தெக்லா ஒரு புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள். காது இரண்டும் துருத்திக்கொண்டிருக்கும்.

"வேற யாருக்கு? காணாமப்போனவங்களைத் தேடற ஆபீசுல என்ன எழுதிக் குடுத்திருக்கேன்? எக்ஸ்னர்னு. நாப்பத்தேழுல அவனை ரஷ்யாவுல சுரங்கத்துல பார்த்ததா ஒருத்தர் சொன்னார். இளைச்சிருந்தானாம், ஆனா சிரிச்சுப் பேசினானாம். அவன் நாளைக்கே வந்து ஸ்டேஷன்ல இறங்கறான்னு வெச்சுக்கோ. என்ன கேப்பான்? இங்க எக்ஸ்னர்னு யாராவது இருக்காங்களா? என்ன சொல்வாங்க? அப்படி யாரும் இல்லப்பா, அடுத்த ஊர்ல போய்க் கேளு."

"நாங்க அப்படிச் சொல்ல விடுவோமா? ஊருக்கே தெரியுமே!"

"இன்னிக்குத் தெரியும். நான் செத்து, நீங்க கிழவியாகி, கிழவனாகி... அவன் எப்போ வருவான்னு யாருக்குத் தெரியும்?"

தெக்லா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் இடி தூரத்தில் உருண்டது.

இடி ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் நிற்காமல் வந்தது. சக்கரச் சத்தம். புல் வண்டி, பாதிகூட நிரம்பாமல், பாலத்தைத் தாண்டித் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. அன்டோன் நின்றுகொண்டே ஓட்டினார்.

தெக்லா எழுந்தாள். "அப்பா! புல்லு?"

"கிடக்கு."

பொழுதெல்லாம் காய வைத்த புல்லை மழைக்கு விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே எக்ஸ்னரம்மாவைப் பார்த்தார்.

"காலையில ஒண்ணு கேட்டீங்க. எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு."

"அதை விடுங்க."

"ஒண்ணும் சொல்லல. கல்யாணத்தன்னிக்குக் காலையில, டேய் கோட்டர், எழுந்து சட்டையைப் போடுன்னா. அதுக்கு முன்னாடி என்னைக் கோட்டர்னு கூப்பிட்டதே இல்ல. பெத்த பிள்ளையை யாராவது வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களா? அந்த ஒரு தடவைதான். சொல்லிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டா." அன்டோன் மூக்கை உறிஞ்சினார். "நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்டகூட."

மழையின் முதல் துளிகள் புழுதியில் விழுந்தன.

"என் பசங்க ரெண்டு பேரும் வரமாட்டாங்க. அது எனக்குத் தெரியும். உங்க பையன் வந்தாலும் வரலாம். வரப்போறவனுக்குத்தான் பேரு வேணும். எவால்ட் எக்ஸ்னராவே இருக்கட்டும்."

எக்ஸ்னரம்மா அசையவில்லை. "அப்போ பண்ணை?"

"காகிதத்துலதான் எக்ஸ்னர். ஊர் வாயை யாரால மாத்த முடியும்? அவன் என்ன பேரு வெச்சுக்கிட்டாலும் எல்லாரும் 'ஏய் ஆவர்பெக்'னுதான் கத்தப் போறாங்க. ஏறுங்கம்மா, குதிரைக்கு இடின்னா ஆகாது."

"பெட்டியை யார் தூக்கறது?"

"குடிசைக்காரன் தூக்கறேன்," என்று சொல்லி அன்டோன் இறங்கினார்.

எக்ஸ்னரம்மா சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய் விட்டுச் சிரித்துத் தெக்லா கேட்டதில்லை. பஸ் வந்து, ஏற ஆளில்லாமல், அவர்கள் மேல் புழுதியை வாரி அடித்துவிட்டுப் போனது. அதற்கும் சிரித்தாள்.

*

வீட்டு முற்றத்துக்குள் வண்டி நுழைந்தபோது மழை கயிறு திரித்ததுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி நிற்பதற்குள் தெக்லா குதித்தாள். களத்துக் கூடத்தில் எவால்ட் கோணியை எடுத்துக் கதவிடுக்கில் வரும் தண்ணீரை அடைத்துக்கொண்டிருந்தான்.

"எவால்ட்! அப்பா ஒத்துக்கிட்டார்! நீ மாத்த வேணாம்! எக்ஸ்னராவே இரு!"

அவன் மெல்ல எழுந்து நின்றான். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ரத்தமே இல்லை.

"பதிவாளர்கிட்ட போனேன்," என்றான். "மனுவுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"எந்த மனு?"

"ஆவர்பெக் ஆகறதுக்கு."

தெக்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "உங்கம்மா காலையில பேசினது உன் காதுல விழலியா? லோத்தார் வந்து கேட்டா..."

"லோத்தார் வரமாட்டான்."

வெளியே அன்டோன் குதிரையை அவிழ்த்துக்கொண்டே ஏதோ சொல்ல, எக்ஸ்னரம்மா பதிலுக்குக் கேலி செய்வது மழைக்கு மேல் கேட்டது.

எவால்ட் குரலைத் தாழ்த்தினான். "வசந்த காலத்துல, லின்னெமான் பண்ணைக்குப் புதுசா ஒரு கூலியாள் வந்தான். ரஷ்யாவுல கைதியா இருந்து திரும்பினவன். கேன் தூக்கிக் குடுத்துட்டு என் பேரைக் கேட்டான். சொன்னேன். எக்ஸ்னரா, எக்ஸ்னரான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, வண்டிச் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டான். கைதிகள் முகாம்ல லோத்தாரும் அவனும் ஒரே கொட்டகை. அம்மாகிட்ட சொன்ன ஆளு லோத்தாரைப் பார்த்தது நெஜம்தான். அதுக்கு அடுத்த குளிர்காலத்துல... இவன் கையாலதான் மண்ணு போட்டிருக்கான்."

தெக்லா அவன் கையைப் பிடித்தாள். ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது.

"அம்மா சொன்னது சரிதான் தெக்லா. அந்தப் பேரை வெச்சு ஒருத்தன் எங்களைக் கண்டுபிடிச்சான். ஆனா அது அண்ணன் இல்ல."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"தினமும் சொல்லணும்னுதான் மாடியேறுவேன். கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். இன்னிக்குக் காலையில அவ பேசப் பேச... அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே காத்திருக்கா, பேரு போயிட்டா காத்திருக்கறதும் தானா நின்னுடும்னு தோணிச்சு. நான் வாயைத் திறந்து சொல்லவே வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன்." அவன் கோணியைக் காலால் கதவிடுக்கில் தள்ளினான். "அவ்வளவு கோழை நான்."

"மனுவை நாளைக்குக் காலையில திரும்ப வாங்கிடலாம். நான் வர்றேன். ஆனா..."

பெரிய கதவு திறந்தது. எக்ஸ்னரம்மா உள்ளே வந்தாள். தலைமுடியிலிருந்தும் மூக்கு நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. கன்னம் சிறுபெண்ணின் கன்னம் மாதிரி சிவந்திருந்தது. நேராக வந்து தெக்லாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி ஓடிட்ட? இனிமே நீயும் எக்ஸ்னர்தான், தெரியுமா? அவன் வந்து கேட்டா, நான்தான்னு சொல்ல மூணு பேர் இருக்கோம்."

"ஆமாம்மா," என்றாள் தெக்லா. அம்மா என்று அவளைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கதவருகே அன்டோன், கையில் அட்டைப் பெட்டியோடு, நின்றுவிட்டார். அவர் எவால்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை அவர் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

எக்ஸ்னரம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்டோனைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். தெக்லாவின் கன்னத்திலிருந்து அவள் கைகள் இறங்கின.

"என்ன?" என்றாள். "என்ன ஆச்சு?"